விண்டோஸ் 10இலிருந்து 11க்கு வீட்டுக் கணினியை மாற்றுதல்

வீட்டுக் கணினியில் உள்ள இயங்குதளத்தை எடுத்துவிட்டு அதற்கு அடுத்த பதிப்பை அமர்த்துவது இயங்குதள மேம்படுத்தல் எனப்படும். மாதந்தோறும் வரும் சிறு திருத்தங்களை ஏற்றுக்கொள்வது புதுப்பித்தல். இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்வோர் பலர். புதுப்பித்தல் என்பது ஒழுகும் இடத்தில் ஓர் ஓட்டை மாற்றுவது போன்றது. மேம்படுத்தல் என்பது கூரையையே பிரித்து வேறு கூரை வேய்வது. கீழே உள்ள சாமான்களை அப்புறப்படுத்திவிட்டுத்தான் கூரையில் கை வைக்க வேண்டும்.

மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் 10 இயங்குதளம் 2015 ஜூலை 29 அன்று வெளியானது. அதற்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, 2021 அக்டோபர் 5 முதல் கிடைக்கிறது. முறையான உரிமம் பெற்ற விண்டோஸ் 10 உள்ள கணினிக்கு விண்டோஸ் 11 இலவசம். ஆனால் அது எல்லாக் கணினிகளையும் ஏற்பதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள் பலவற்றை அது வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. இதற்கு முன் நிகழ்ந்த மாற்றங்களில் இந்த அளவுக்குக் கெடுபிடி இருந்ததில்லை. ஆகவே ஒரு குடும்பம் முடிவு செய்ய வேண்டியவை இரண்டு: இந்தக் கணினி மாறத் தகுதி உள்ளதா என்பது ஒன்று; இல்லையென்றால் அதை என்ன செய்வது என்பது மற்றொன்று.

ஆதரவு முடிவது என்றால் என்ன

ஆதரவு முடிந்த மறுநாளும் கணினி வழக்கம்போல் ஓடும். கோப்புகள் திறக்கும், அச்சுப்பொறி அச்சடிக்கும், இணையமும் கிடைக்கும். எதுவும் நிற்காததால்தான் பலரும் இதைப் பொருட்படுத்துவதில்லை. நிற்பது ஒன்றே ஒன்று: பாதுகாப்புத் திருத்தங்கள்.

எந்த இயங்குதளமும் பல கோடி வரி நிரல்களால் ஆனது. அதில் பிழைகள் இருந்தே தீரும். அவற்றில் சில, வெளியாள் கணினிக்குள் நுழைய வழிவிடும். இவ்வகைப் பிழைகளைக் கண்டறிந்து ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அன்று திருத்தங்களை மைக்ரோசாப்ட் வெளியிடுகிறது. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. விண்டோஸ் 11இன் பெரும்பகுதி விண்டோஸ் 10இன் மீதே கட்டப்பட்டது. எனவே 11இல் காணப்படும் பிழை 10இலும் இருக்க வாய்ப்பு அதிகம். 11க்கு ஒரு திருத்தம் வெளியானதும், திருத்தத்துக்கு முன்னும் பின்னும் உள்ள நிரல்களை ஒப்பிட்டுப் பிழை எங்கே இருந்தது என்று தீயவர்கள் கண்டுகொள்ளலாம். திருத்தம் பெறாத பழைய கணினிக்கு அது எதிரி கையில் கிடைத்த வரைபடம். ஆதரவு முடிந்த இயங்குதளம் மாதந்தோறும் சிறிது சிறிதாக ஆபத்து கூடுவது இதனால்தான்.

2017 மே 12 அன்று உலகெங்கும் பரவிய வான்னாகிரை என்ற பணயத் தீநிரல் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. அது கணினியிலுள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டது. பிரிட்டனின் மருத்துவமனைகள் முடங்கின. ஆந்திரப் பிரதேசக் காவல்துறையின் கணினிகள் சிலவும் பாதிக்கப்பட்டன. விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றே முடிந்திருந்த போதிலும், நிலைமை கருதி அதற்கும் ஓர் அவசரத் திருத்தத்தை மைக்ரோசாப்ட் வெளியிட்டது. எக்ஸ்பி கணினிகளே பெருமளவில் பலியாயின என்று இன்றும் சொல்லப்படுவதுண்டு. அது சரியன்று. பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 கணினிகள். அவற்றுக்கான திருத்தம் 2017 மார்ச்சிலேயே வந்துவிட்டது. உரியவர்கள் அதை நிறுவாமல் விட்டிருந்தனர். புதிய இயங்குதளத்துக்கு மாறிவிட்டு, புதுப்பித்தலை நிறுத்தி வைக்கும் வழக்கத்தைத் தொடர்ந்தால் மாறியதில் பயன் ஏதும் இல்லை.

இயங்குதளத்தைத் தொடர்ந்து உலாவியும் ஒரு நாள் கைவிடும். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 அன்று ஆதரவு முடிந்தது. அதில் இயங்கிய கடைசி குரோம் பதிப்பு 109. 2023 பிப்ரவரியில் வந்த 110ஆம் பதிப்பு முதல் விண்டோஸ் 7இல் குரோம் இயங்கவில்லை. அதாவது மூன்றாண்டு இடைவெளி. உலாவி பழசானால் வங்கித் தளங்களும் அரசுத் தளங்களும் ஒவ்வொன்றாகத் திறக்க மறுக்கும். பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்படாதவரும் அப்போது மாறித்தான் ஆக வேண்டும்.

இன்று பல வீடுகளில் பணப் பரிமாற்றம் கைப்பேசிக்கு மாறிவிட்டது. கணினி எதற்கு இருக்கிறது என்று பார்த்தால், பிள்ளைகளின் சான்றிதழ் நகல்கள், பத்திர நகல்கள், இருபது ஆண்டு நிழற்படங்கள், கல்யாணக் காணொளிகள் ஆகியவற்றின் பெட்டகமாகவே இருக்கிறது. பணயத் தீநிரல் குறிவைப்பதும் இவற்றைத்தான். வங்கியில் போன பணத்தைக் கேட்டுப் பெற வழி உண்டு. பூட்டப்பட்ட படங்களுக்கு அப்படி ஒரு வழி இல்லை.

வேகக் குறைவு இதற்குக் காரணமன்று

"கணினி மெதுவாக இருக்கிறது, புது விண்டோஸ் போட்டால் சரியாகிவிடும்" என்பது கடைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு. பழைய கணினி திணறுவதற்குப் பெரும்பாலும் காரணம் சுழலும் தட்டுடைய ஹார்டு டிஸ்க். அதற்குப் பதில் எஸ்எஸ்டி பொருத்தி, 4 ஜிபி ரேம் இருந்தால் 8 ஜிபியாக உயர்த்தினால், அதே விண்டோஸ் 10 வேறு கணினி போல ஓடும். ஹார்டு டிஸ்க்கிலேயே விண்டோஸ் 11ஐ அமர்த்தினால் இன்னும் மெதுவாகும். வேகம் மட்டுமே குறை என்றால் முதலில் செய்ய வேண்டியது இந்த இரண்டு மாற்றங்கள்தாம். பிறகு இயங்குதளத்தை மாற்றினாலும் அவை வீண்போகா.

தோற்ற மாற்றங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தொடக்கப் பொத்தான் இடது மூலையிலிருந்து நடுவுக்கு வந்துவிட்டது. செட்டிங்ஸில் அதைப் பழையபடி இடப்பக்கம் கொண்டுவரலாம். வலச்சொடுக்கில் வரும் பட்டியல் சுருங்கியிருக்கிறது. பத்து நாளில் பழகிவிடும். வீட்டில் முதியவர் யாரேனும் இடங்களை மனப்பாடமாக வைத்துக் கணினியை இயக்குபவராக இருந்தால் மட்டும் பக்கத்தில் இருந்து ஓரிரு முறை காட்டித் தர வேண்டியிருக்கும்.

கணினி தகுதி பெறுமா

விண்டோஸ் 11 கேட்பவை: 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், 64 பிட் செயலி, யூஇஎஃப்ஐ வகைத் தொடக்க நிரல், செக்யூர் பூட் வசதி, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு. ரேமும் இடமும் பெரும்பாலும் தடையாவதில்லை. தடை செயலியிலும் டிபிஎம்மிலும் வருகிறது.

செயலி இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதும், ஏஎம்டி என்றால் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசையும் அதற்குப் பிந்தியதும் ஏற்கப்படும். தலைமுறையைச் செயலியின் எண்ணிலிருந்தே அறியலாம். ஐ5-7200யு என்றால் 7ஆம் தலைமுறை, ஐ5-8250யு என்றால் 8ஆம் தலைமுறை. தோராயமாக, 2018க்கு முன் வாங்கிய கணினி என்றால் தகுதி பெறாது என்று எதிர்பார்க்கலாம். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் தொடக்க ஆண்டுகளைச் சேர்ந்தவை யாவும் இந்தக் கோட்டுக்கு அப்பால் உள்ளவை. பல குடும்பங்களுக்கு அதுவே முதல் கணினி.

டிபிஎம் என்பது கடவுச்சாவிகளைக் கணினிக்கு உள்ளேயே பூட்டி வைக்கும் பகுதி. தனிச் சில்லாக இல்லாவிட்டாலும் பல செயலிகளில் அது உள்ளடங்கியிருக்கும். இன்டெல்லில் பிடிடி என்றும் ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் பெயர். கடையில் பாகங்களைச் சேர்த்துக் கட்டிய மேசைக் கணினிகளில் இது அணைத்து வைக்கப்பட்டிருப்பது வழக்கம். எனவே "டிபிஎம் இல்லை" என்று திரையில் வந்தவுடன் கணினியை ஒதுக்கிவிடக் கூடாது. பயாஸ் திரைக்குள் சென்று அதை இயக்கிப் பார்க்க வேண்டும்.

செக்யூர் பூட்டில் வேறொரு சிக்கல் உண்டு. யூஇஎஃப்ஐ இருந்தும் பழைய முறையில், எம்பிஆர் என்ற வட்டுப் பிரிப்பில் விண்டோஸ் 10 நிறுவப்பட்ட கணினிகள் ஏராளம். அவற்றில் வட்டை ஜிபிடி முறைக்கு மாற்றாமல் தொடக்க முறையை மட்டும் யூஇஎஃப்ஐக்குத் திருப்பினால் கணினி கிளம்பாது. பழையபடி திருப்பிவிட்டால் மீண்டும் கிளம்பும்; பயப்பட ஒன்றுமில்லை. வட்டை அழிக்காமல் மாற்றித் தரும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி விண்டோஸ் 10இலேயே இருக்கிறது. நகல் எடுத்து வைத்த பிறகே அதைத் தொட வேண்டும்.

இத்தனையையும் தனித்தனியே ஆராய விரும்பாதவர் மைக்ரோசாப்ட்டின் பிசி ஹெல்த் செக் என்ற இலவசச் செயலியை இயக்கினால், எது உண்டு எது இல்லை என்று அது பட்டியலிட்டுக் காட்டும்.

தகுதி பெறாத கணினியிலும் இந்தச் சோதனைகளை ஏமாற்றி விண்டோஸ் 11ஐ நிறுவும் வழிகள் உண்டு. கடைக்காரர்கள் சிலர் அப்படியே செய்து தருகின்றனர். அத்தகைய கணினிகளுக்குப் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை என்று மைக்ரோசாப்ட் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. ஆண்டுதோறும் வரும் பெரிய பதிப்பு அவற்றுக்குத் தானாக வருவதில்லை. ஒவ்வொரு முறையும் கையால் நிறுவ வேண்டும். 2024இல் வந்த 24எச்2 பதிப்பு முதல், சில கட்டளைகளை அறியாத மிகப் பழைய செயலிகளில் விண்டோஸ் 11 கிளம்பவே கிளம்பாது. பாதுகாப்புத் திருத்தம் வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மாற்றமே. அதற்கே உறுதியில்லாத ஏற்பாட்டைத் தேடிப் போவது பொருத்தமாக இல்லை. தனியே வைத்துப் பழகிப் பார்க்கும் கணினிக்கு வேண்டுமானால் சரி.

உரிமமற்ற விண்டோஸை முடுக்கித் தரும் நிரல்களும் இதே வகையில் சேரும். அவற்றோடு தீநிரல் ஒட்டிக்கொண்டு வருவது சாதாரணம். வாங்கும்போதே உரிமத்துடன் வந்த மடிக்கணினியாக இருந்தால் இது தேவையே இல்லை. விண்டோஸ் 8 காலத்திலிருந்து பெரும்பாலான நிறுவன மடிக்கணினிகளில் உரிமச் சாவி தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கிறது. நிறுவும்போது அது தானாகப் படிக்கப்படும்.

தமிழ் எழுத்துருக்களும் பழைய மென்பொருள்களும்

பொதுவான கணினிக் குறிப்புகளில் இடம்பெறாத ஒரு செய்தி தமிழில் வேலை செய்வோருக்கு முக்கியமானது.

ஒருங்குறித் தமிழை விண்டோஸ் 2000 முதன்முதலில் ஆதரித்தது. அதனுடன் வந்த எழுத்துரு லதா. அதற்கு முன்பும் அதற்குப் பின் நெடுங்காலமும் பாமினி, வானவில், ஸ்ரீலிபி எனப் பல்வேறு குறியீட்டு முறைகளில் தமிழ் தட்டெழுதப்பட்டது. 2010இல் ஒருங்குறியைத் தமிழக அரசு தரமாக அறிவித்த பிறகும் அந்தப் பழைய கோப்புகள் மறையவில்லை. கோயில் மலர்கள், ஊர் வரலாறுகள், சங்க அறிக்கைகள், அச்சகத்தில் தட்டச்சிட்ட நூல்கள் என எத்தனையோ வீடுகளில் அவை உறங்குகின்றன. இவ்வகைக் கோப்பு, உரிய எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி அழித்தவர்களும் உண்டு.

இயங்குதளத்தை இருந்த இடத்திலேயே மேம்படுத்தினால் நிறுவிய எழுத்துருக்கள் அப்படியே இருக்கும். வட்டைத் துடைத்துப் புதிதாக நிறுவினால் அவை போய்விடும். ஆகவே சி டிரைவில் விண்டோஸ் என்ற கோப்புறைக்குள் உள்ள பான்ட்ஸ் கோப்புறையை முழுவதுமாக ஒரு பென் டிரைவில் படியெடுத்துக்கொள்வது முதல் வேலை. அந்த எழுத்துருக்களில் சில இப்போது எங்கும் கிடைப்பதில்லை. லதா எழுத்துருவில் செய்த ஆவணங்களும் புதிதாக நிறுவிய கணினியில் தோற்றம் மாறித் தெரியலாம். விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் கூடுதல் எழுத்துருத் தொகுப்புக்கு மாற்றப்பட்டு, நிர்மலா மட்டுமே எப்போதும் உடன் வருகிறது. செட்டிங்ஸில் ஆப்ஷனல் பீச்சர்ஸ் என்ற பகுதியில் தமிழ்த் துணை எழுத்துருக்களைத் தேடிச் சேர்த்தால் பழைய பக்க அமைப்பு திரும்பிவிடும்.

தட்டெழுதும் மென்பொருள்கள் வேறு விதம். எ-கலப்பை, அழகி, என்எச்எம் ரைட்டர் போன்றவற்றைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துவோர், மாறிய பின் அவற்றைப் புதிதாக நிறுவிச் சோதிக்க வேண்டும். தமிழ் 99 விசைப்பலகை 2019இலேயே விண்டோஸ் 10இல் சேர்க்கப்பட்டது, 11இலும் இருக்கிறது. ஒருங்குறியில் மட்டும் எழுதுவோருக்கு இனித் தனி மென்பொருள் கட்டாயமில்லை. பாமினியிலோ தட்டச்சுப்பொறி முறையிலோ பழகியவர்களுக்குத் தேவைப்படும்.

உண்மையான இடர் அச்சுக்கோப்பு வேலை செய்வோருக்குத்தான். விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பு இல்லை. 32 பிட் மென்பொருள்கள் அதில் ஓடும்; 16 பிட் மென்பொருள்கள் ஓடா. இப்போதைய கணினியில் 64 பிட் விண்டோஸ் 10 இருந்தால் இதனால் புதிய இழப்பு இல்லை, ஏனெனில் அதிலும் அவை ஓடுவதில்லை. 32 பிட் விண்டோஸ் 10 இருந்தால் நிலைமை வேறு. அங்கே இருந்த இடத்திலேயே மேம்படுத்த முடியாது. துடைத்துத்தான் நிறுவ வேண்டும். எது இருக்கிறது என்பதை செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குள் உள்ள அபவுட் பக்கம் காட்டும். யூஎஸ்பியில் செருகும் பூட்டுக் கருவி இல்லாமல் திறக்காத பழைய தமிழ் மென்பொருள்களும் உள்ளன. அந்தக் கருவிக்கான டிரைவர் புதிய விண்டோஸில் ஏறாவிட்டால் மென்பொருள் இருந்தும் பயனில்லை. 2001இல் கடைசிப் பதிப்பு வந்த பேஜ்மேக்கர் 7, அதிகாரப்பூர்வ ஆதரவு இல்லாமலே பல கணினிகளில் ஓடுகிறது. ஒரு கணினியில் ஓடியது என்பதால் மற்றொன்றிலும் ஓடும் என்று நம்ப முடியாது.

பிழைப்பே அத்தகைய மென்பொருளில் இருக்குமானால், அந்தக் கணினியை மாற்றாமல் விட்டு, இணையத்திலிருந்து துண்டித்து அந்த ஒரு வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்வதே சரி. கோப்புகளைக் கொண்டுபோகும் பென் டிரைவ் வழியாகவும் தீநிரல் வரும் என்பதை மட்டும் மறக்கலாகாது.

ஓராண்டு அவகாசம்

தகுதி பெறாத கணினிகளுக்காக நீட்டித்த பாதுகாப்புத் திருத்தத் திட்டம் ஒன்றை மைக்ரோசாப்ட் அறிவித்தது. வீட்டுப் பயனருக்கு இது 2026 அக்டோபர் 13 வரைக்குமானது. சேர மூன்று வழிகள்: கணினியின் அமைப்புகளை மைக்ரோசாப்ட் கணக்குடன் ஒத்திசைத்தால் கட்டணமில்லை; மைக்ரோசாப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1000 கொடுத்தும் சேரலாம்; அல்லது 30 அமெரிக்க டாலர் அல்லது அதற்கு இணையான உள்ளூர்ப் பணம். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் உள்ளவர்களுக்கு ஒத்திசைவு நிபந்தனையும் தளர்த்தப்பட்டது. எந்த வழியானாலும் மைக்ரோசாப்ட் கணக்கு வேண்டும். விண்டோஸ் 10 அதன் கடைசிப் பதிப்பான 22எச்2இல் இருக்க வேண்டும். பதிவு செய்யும் இணைப்பு, புதுப்பிப்புப் பக்கத்திலேயே தோன்றும்.

இதில் கிடைப்பவை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே. பிள்ளையின் பொதுத்தேர்வு ஆண்டு, வீடு மாறும் நேரம், கையில் பணமில்லாத காலம் என ஏதேனும் ஒரு காரணத்தால் இப்போது கணினியைக் கலைக்க முடியாத குடும்பத்துக்கு இது நல்ல ஏற்பாடு. அவகாசம் என்ற அளவில்தான் அதைக் கொள்ள வேண்டும்.

விண்டோஸ் 10உடன் சேர்ந்து ஆபிஸ் 2016, ஆபிஸ் 2019 ஆகியவற்றின் ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்தது. இந்தத் திட்டத்தில் அவை அடங்கா.

லினக்ஸ்

தகுதி பெறாத, ஆனால் நல்ல நிலையில் உள்ள கணினிக்கு லினக்ஸ் இன்னொரு வழி. விண்டோஸ் பழகியவர்களுக்கு லினக்ஸ் மின்ட் எளிதாக இருக்கும்; அதன் 22ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு. சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், தமிழக மாணவர் மடிக்கணினிகள் வழியாகப் பலருக்கும் அறிமுகமானதே. உலாவி, மின்னஞ்சல், காணொளி, லிப்ரெஓபிஸில் கடிதம், கணக்கு என்ற அளவில் கணினியைப் பயன்படுத்தும் வீட்டுக்கு இது போதும். தமிழ் 99 விசைப்பலகையும் உண்டு. பாமினி போன்ற எழுத்துருக் கோப்புகளைப் படியெடுத்துப் போட்டால் இங்கும் அவை தெரியும்.

டேலியில் கடைக் கணக்கு எழுதுவோர், பேஜ்மேக்கர் தேவைப்படுவோர் இதை எண்ண வேண்டாம். அச்சுப்பொறியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் ஊர்க் கடைகளிலும் வீடுகளிலும் மிகுதியாகக் காணப்படும் கேனன் எல்பிபி 2900 அதற்கே உரிய தனி முறையில் கணினியோடு பேசுவது. லினக்ஸில் அதை இயக்குவது பொறுமையைச் சோதிக்கும். நல்ல வேளையாக, லினக்ஸை நிறுவாமலே பென் டிரைவிலிருந்து கிளப்பிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, அச்சு ஆகியவை வேலை செய்கின்றனவா என்று ஒரு மாலைப்பொழுதில் தெரிந்துவிடும். வட்டில் உள்ள எதுவும் கலையாது.

மாறும் முன் செய்ய வேண்டியவை

முதலாவது நகல். வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் படங்கள், ஆவணங்கள், பதிவிறக்கங்கள், டெஸ்க்டாப்பில் கிடப்பவை, மேலே சொன்ன எழுத்துருக் கோப்புறை ஆகியவற்றைப் படியெடுத்து, வேறொரு கணினியில் அதைச் செருகி ஓரிரண்டு படங்களைத் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத நகலை நகல் என்று சொல்ல முடியாது. ஒன்டிரைவில் எல்லாம் இருக்கிறது என்று நினைப்பதும் தவறாகலாம். அதன் இலவச அளவு 5 ஜிபி மட்டுமே. அது நிரம்பியதும் புதியவை மேலே ஏறுவதில்லை.

இரண்டாவது, மைக்ரோசாப்ட் கணக்கு. இதுதான் பலரும் சறுக்கும் இடம். விண்டோஸ் 11 ஹோம் பதிப்பைப் புதிதாக நிறுவும்போது இணையமும் மைக்ரோசாப்ட் கணக்கும் கேட்கப்படும். 24எச்2 பதிப்பு முதல், அப்படிப் புதிதாக நிறுவி மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்தால், வட்டு முழுவதும் தானாகவே மறையாக்கம் செய்யப்படுகிறது. திருடன் மடிக்கணினியை எடுத்துச் சென்றாலும் படிக்க முடியாது என்பது அதன் நன்மை. ஆனால் பயாஸ் மாற்றமோ தாய்ப்பலகைப் பழுதோ நேர்ந்தால், அடுத்த முறை கிளம்பும்போது கணினி 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி இருக்குமிடம், நிறுவும்போது நுழைந்த மைக்ரோசாப்ட் கணக்கு.

அவசரத்துக்குக் கடைக்காரர் தமது மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கிக் கொடுத்திருந்தால் சாவி அவரிடம் இருக்கிறது. வெளிநாட்டில் உள்ள மகன் தம் கணக்கில் நுழைந்து அமைத்துக் கொடுத்திருந்தால் அவரிடம். யாரோ எப்போதோ உருவாக்கிக் கடவுச்சொல் மறந்த கணக்கு என்றால் யாரிடமும் இல்லை. சாவி இல்லாமல் அந்த வட்டைத் திறக்க மைக்ரோசாப்ட்டாலும் முடியாது. எனவே கணக்கை வீட்டுக்காரர் தம் பெயரில், தம் கைப்பேசி எண்ணுடன் தாமே தொடங்க வேண்டும். நிறுவி முடித்ததும் அந்தக் கணக்கின் இணையப் பக்கத்தில் மீட்புச் சாவியைப் பார்த்து, தாளில் எழுதி, குடும்ப அட்டை, பத்திரம் முதலியவற்றோடு வைத்துவிட வேண்டும். மறையாக்கமே வேண்டாம் என்பவர் செட்டிங்ஸில் அதை அணைக்கலாம். இருந்த இடத்திலேயே 10இலிருந்து 11க்கு மேம்படுத்தும்போது இது தானாகத் தொடங்குவதில்லை. வீட்டுக் கணினிக்கு அந்த வழியே நல்லது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மற்றவை சிறியவை. பதிவிறக்கம் 5 ஜிபிக்கு மேல் இருக்கும். நாளொன்றுக்கு ஒன்றரை, இரண்டு ஜிபி என்ற அளவுள்ள கைப்பேசி இணையத்தில் இது ஆகாது. அகலப்பட்டை இணைப்புள்ள இடத்தில் செய்ய வேண்டும். மடிக்கணினியானால் மின்னேற்றியைச் செருகியே வைக்க வேண்டும். மேசைக் கணினியானால் யூபிஎஸ் நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மின்வாரியம் பராமரிப்புக்காக மின்தடை அறிவித்த நாளாக இல்லாமல் பார்த்துத் தொடங்க வேண்டும். பாதி வழியில் மின்சாரம் போனால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் தானே திரும்பிவிடும். பெரும்பாலும் என்பதற்காகத்தான் நகல்.

மாறிய பின் பத்து நாள்

மேம்படுத்திய பிறகு பழைய விண்டோஸ் உடனே அழிக்கப்படுவதில்லை. சி டிரைவில் விண்டோஸ்.ஓல்டு என்ற கோப்புறையில் 10 நாள்கள் இருக்கும். அதற்குள் செட்டிங்ஸில் ரிகவரி பகுதிக்குச் சென்று கோ பேக் என்பதைச் சொடுக்கினால் விண்டோஸ் 10 திரும்பும். மேம்படுத்திய பின் நிறுவிய மென்பொருள்கள் மட்டும் போய்விடும். இடம் குறைவாக இருக்கிறது என்று அந்தக் கோப்புறையை அவசரப்பட்டு நீக்கினால் திரும்பும் வழி அடைபடும். தேவையானால் இந்த 10 நாளை, அது முடிவதற்கு முன், டிஸ்ம் கட்டளை வழியாக 60 நாள் வரை நீட்டிக்கலாம்.

இந்த நாள்களில் வீட்டில் எப்போதாவது தேவைப்படும் வேலைகளையும் ஒரு முறை செய்து பார்த்துவிட வேண்டும். ஒரு பக்கம் அச்சடிப்பது, ஸ்கேனரில் ஒன்றை எடுப்பது, பழைய தமிழ்க் கோப்பு ஒன்றைத் திறப்பது, வருமான வரிக் கணக்குக்கு எண்ணிமக் கையொப்பக் கருவி இருந்தால் அதைச் செருகுவது, வீடியோ அழைப்பில் ஒலிவாங்கி வேலை செய்கிறதா என்று உறவினரை அழைத்துப் பேசுவது. எண்ணிமக் கையொப்பக் கருவி ஜூலையில்தான் தேவைப்படும் என்று விட்டுவிட்டால், ஜூலையில் திரும்பிப் போக விண்டோஸ் 10 இருக்காது.